கை நனைக்காத விருந்தாளி

ஆண்டவர் ஆறுதல்புரத்துக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்றைக்கென்று பார்த்துப் பொன்னேசம் வீட்டில் சாளைக் கருவாட்டுக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஆட்டுக்கறி இருந்திருக்கும், பண்டிகை நாளாக இருந்தால் முந்திரிப்பருப்புப் போட்ட பாயசம் இருந்திருக்கும், ஒன்றுமில்லாவிட்டாலும் முன்கூட்டி ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது கோழி அடித்திருப்பார்கள். ஆனால் வருகிறவர் சொல்லிக்கொண்டு வருகிறவர் இல்லையே! அவர் எந்த வேளையில் வருவார் என்று யாருக்கும் தெரியாது என்று வருசா வருசம் கோயிலில் பிரசங்கம் கேட்டுத் தலையாட்டின ஊர்தான் அது. தலையாட்டினதோடு சரி, ஒரு வீட்டிலும் ஒரு துண்டுக் கறி எடுத்து வைத்திருக்கவில்லை.

திருச்செந்தூர் போகிற வழியில், செம்மணல் தேரியின் விளிம்பில், வாழையும் முருங்கையும் நின்ற ஊர் ஆறுதல்புரம். ஊரில் எல்லாரும் ஒரே சபை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு பலகை தொங்கும். கல்யாணத்துக்குக் கோயில் பெண்கள் சங்கம் கொடுக்கிற பரிசு அது. இந்த வீட்டுக்குத் தலைவர் கிறிஸ்து என்றும், சாப்பிடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியாக அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றும் அதில் சிவப்பெழுத்தில் போட்டிருக்கும். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கித் துடைப்பார்கள், மறுபடி ஆணியில் மாட்டுவார்கள், மற்ற நாளெல்லாம் அது பல்லிக்கு நிழல்.

பொன்னேசம் அன்றைக்குத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். புருசன் வேதக்கண் இறந்து இன்னும் ஒரு வருசம் திரும்பவில்லை, பிள்ளை குட்டி கிடையாது. தனியாள் என்பதற்காக அவள் ஜெபத்தைக் குறைக்கிறவள் இல்லை. சோத்துக்கு ஸ்தோத்திரம், அடுப்பு ஒரே தீக்குச்சியில் பிடித்ததற்கு ஸ்தோத்திரம், கருவாடு மழையில் நனையாமல் தப்பினதற்கு ஸ்தோத்திரம், முழங்கால் வலி இன்றைக்கு ஒரு காலில் மட்டும் இருப்பதற்கு ஸ்தோத்திரம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனால் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். அன்றைக்கு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தவள் சுவரில் பலகையைப் பார்த்தாள். பார்த்ததும் சுருக்கென்றது.

"விருந்தாளின்னு எழுதித் தொங்கவிட்டுட்டு, இத்தன வருசத்துல ஒரு நாளாவது அவியளுக்கு ஒரு இலை போட்டிருப்பனா? கூறுகெட்டவ!" என்று தன்னைத்தானே வைதுகொண்டு, கொல்லையில் போய் ஒரு வாழையிலை அறுத்துக் கழுவி, பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் வைத்து, உப்பு வைத்து, சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பாய் மெல்ல அமுங்கியது. சோறு ஒரு ஓரத்திலிருந்து குறையத் தொடங்கியது, அவசரமில்லாமல், நாலு வாய்க்கு ஒரு தரம் தண்ணீர்ச் செம்பும் குறைய, கருவாட்டு முள் மட்டும் சுத்தமாக இலையோரத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. பொன்னேசம் பயப்படவில்லை. விருந்தாளி வந்தால் பரிமாறத்தானே வேண்டும்? "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள், ஊற்றினாள், அதுவும் போயிற்று. பிறகு மோர். கடைசியில் இலை உள்பக்கமாக மடிந்தது, பாய் நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவப் போட்டுவிட்டு மதில் பக்கமாகப் போய் அடுத்த வீட்டு ரூத்தம்மாளைக் கூப்பிட்டாள். ரூத்தம்மாள் அவளுக்கு மயினி முறை, வேதக்கண்ணின் பெரியப்பா மகள்.

"மயினி, நம்ம வீட்டுக்கு ஆண்டவர் சாப்பிட வந்தாவ."

"என்ன குழம்பு வச்ச?" என்றாள் ரூத்தம்மாள்.

"சாளக் கருவாடு."

ரூத்தம்மாள் தலையிலே அடித்துக்கொண்டாள். "அடப் பாவி! ஆண்டவருக்குப் போயா கருவாட்டப் போட்ட? மதிலுக்கு இங்கிட்டுதான இருக்கேன், ஒரு சத்தம் கொடுத்திருந்தா ரெண்டு முட்டையாவது அவிச்சுத் தந்திருப்பம்லா!"

"முள்ள ஒதுக்கிச் சுத்தமாச் சாப்பிட்டாவ மயினி. மீன் திங்கத் தெரிஞ்ச ஆளு."

"தெரியாம என்ன, பழகினதெல்லாம் மீன்பிடிக்கிறவங்க கூடல்லா" என்றாள் ரூத்தம்மாள். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் மத்தியானமும் அவர் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். விசயம் தெரிந்த ஊர் என்ன செய்தது என்று கேட்டால், கறி கொண்டுவந்தது. இன்றைக்கு ரூத்தம்மாள் வீட்டு முருங்கைக்காய்க் கூட்டு, நாளைக்கு உபதேசியார் வீட்டுச் சுண்டவத்தல், மறுநாள் மேலத்தெருவில் இருந்து அயிரைமீன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்துக்கொண்டார்கள். அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை, எதையும் கூடக் கேட்கவுமில்லை. சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானையா மட்டும், ஆண்டவர் ஆலயத்தில் அல்லவா முதலில் சாப்பிட்டிருக்க வேண்டும், இது என்ன முறை, கமிட்டிக்கு ஒரு தகவல் இல்லை என்று கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வீட்டு முறைக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு தரம் கறி கொடுத்தனுப்பினார்.

குருவானவரும் வந்தார். சின்ன வயசு, படித்தவர், அந்தச் சபைச் சேகரத்துக்குப் புதுசு. பொன்னேசம் அவருக்கும் எதிரே ஒரு இலை போட்டாள். பாவம், மனிதருக்குச் சாப்பாட்டு ஜெபம் சொல்லத் தெரியாமல் போயிற்று. எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு பேசுவதா, திறந்துகொண்டு பேசுவதா? மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கூட வந்த தேவபிச்சை உபதேசியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, சோறு ஆறுது. அவியளப் பார்த்து நன்றின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எடுங்க" என்றார். குருவானவர் அப்படியே சொன்னார். அந்த ஞாயிறு அவர் பிரசங்கம் வழக்கத்தில் பாதிதான் இருந்தது, சபைக்கு அதுவும் ஒரு ஸ்தோத்திர விண்ணப்பம்.

சும்மா சொல்லக் கூடாது, ஊர் கொஞ்சம் மாறித்தான் போயிற்று. பொன்னேசம் வீட்டுக்கு வருகிறவர் வழியில் நம் வீட்டிலும் தலையை நீட்டிவிட்டால்? அந்தப் பயத்தில் சாப்பாட்டு நேரத்துச் சண்டை நின்றது. உப்புக் குறைந்தால் தட்டை எறிகிற ஆம்பிளைகள் உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுகிற வழக்கம் அந்த ஊர்ப் பெண்களுக்கு உண்டு. இப்போது வருகிறவருக்கென்று இன்னொரு கைப்பிடியை உலையிலும் போட்டார்கள். அவர் வராத வீட்டில் அந்தச் சோறு மிஞ்சியது, மிஞ்சினது யாராவது பசித்தவன் வயிற்றுக்குப் போயிற்று. பலகைகளெல்லாம் பளபளவென்று இருந்தன, பல்லிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

பொன்னேசத்துக்கும் அது சந்தோசமான காலம்தான். தனிச் சோறு சாப்பிட்டவளுக்குத் தினம் விருந்தாளி, தினம் பரிமாறல், வாசலில் எந்நேரமும் ஆள். ஆனால் அவள் நெஞ்சுக்குள்ளே ஒரு கேள்வி கிடந்து அறுத்தது. வேதக்கண் எங்கே இருக்கிறான் என்பதுதான் அது.

வேதக்கண் வாழைத்தார் ஏற்றுகிற டெம்போ ஓட்டினவன். நல்ல மனுசன், கோபக்காரன். கல்யாணமான புதுசில், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்தில், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற யாரோ ஒரு வழிப்போக்கன் முதல் பந்தியிலே வந்து உட்கார்ந்துவிட்டான். ஞானையா போய், "சபையார் சாப்பிட்ட பிறகு உமக்கு" என்று அவனை எழுப்பிவிட்டார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு வேதக்கண்ணும் எழுந்தான். "பசிச்சு உக்காந்தவன எழுப்பிவிட்ட பந்தியில எனக்குச் சோறு இறங்காது வே!" என்று சொல்லி, அந்த ஆளை டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். அத்தோடு சரி, அதன்பிறகு அவன் கோயில் படி மிதிக்கவில்லை. ஞாயிறுதோறும் பொன்னேசத்தைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவான், டீக்கடைக்குப் போய்விடுவான். திருவிருந்து எடுக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை, குருமார் எத்தனையோ பேர் வந்து பேசியும் அசையவில்லை. ஒரு நாள் சந்தையில் தார் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழும்பவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஞானையா பக்கத்து ஆளிடம் சொன்னது பொன்னேசம் காதில் விழுந்தது. "நல்ல பயல்தான். ஆனா இரட்சிப்புன்னு ஒண்ணு இருக்குல்லா?" பொன்னேசம் உபதேசியாரிடம் கேட்டாள். நல்ல மனுசர், பொய் சொல்லத் தெரியாது. "அது ஆண்டவருக்கும் அவனுக்கும் உள்ள காரியம் தாயி. நாம நம்பிக்கையா இருப்போம்" என்றார். நம்பிக்கையாக இரு என்று சொல்லுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், இருக்கிறவள்தானே அதை வைத்துக்கொண்டு இராத்திரி பகல் இருக்க வேண்டும்? அவனில்லாத மோட்சத்துக்குப் போய் நான் என்ன செய்ய என்றுகூட அவளுக்குத் தோன்றும். தோன்றினதற்காக மன்னிப்புக் கேட்பாள். மறுபடியும் தோன்றும்.

இப்போது பதில் தெரிந்தவரே தினம் வீட்டில் வந்து உட்காருகிறார், கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்க முடியவில்லை. சாப்பிடுகிற விருந்தாளியிடம் பெரிய காரியம் பேசக் கூடாது, கவளம் தொண்டையில் நிற்கும் என்பது அந்தப் பக்கத்து மரியாதை. கை கழுவின பிறகுதான் பேச்சு. ஆனால் இவரோ இலை மடிந்ததும் போய்விடுகிறார். சாப்பிட்டு முடிப்பதற்கும் புறப்படுவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் கிடையாது. இப்படியே மாசங்கள் போயின.

கடைசியில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. பூசணியும் சேவலும் கரும்பும் கோயிலுக்குள் குவிந்து கிடக்க, குருவானவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சபையார் ஆமென் சொன்னார்கள். மழைக்காக, ஆமென். வெள்ளாமைக்காக, ஆமென். கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் பிரியமானவர்களுக்காக என்றார் குருவானவர். பொன்னேசம் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கர்த்தருக்குள்ளா, வெளியிலேயா? அது தெரியாமல் எப்படி ஆமென் சொல்வது?

மறுநாள் மத்தியானம் பாய் அமுங்கி, சோறு கால்வாசி குறைந்திருந்தபோது, கையில் கரண்டியோடு நின்றுகொண்டு கேட்டேவிட்டாள். "சாப்பிடுத நேரத்துல கேக்கக் கூடாது, தெரியும். மன்னிச்சுக்கிடுங்க. எங்க வீட்டு அவிய எங்க இருக்காவ? உங்ககிட்டயா, இல்லியா?"

சோறு அப்படியே நின்றுவிட்டது.

அதன்பிறகு ஒரு பருக்கை குறையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாய் நிமிர்ந்தது, இலை மடியாமலே கிடந்தது. அடுத்த நாளும் அவர் வந்தார். பாய் அமுங்கியது, ஆனால் இலையில் கை படவில்லை. சோறு ஆறியது, குழம்பு ஆடை கட்டியது, ஈ வந்தது, கடைசியில் எழுந்து போய்விட்டார். அதற்கடுத்த நாளும் அதே கதை.

ஊர் கலங்கிப்போயிற்று. கூட்டில் தேங்காய் அதிகம் என்றார்கள், மீன் பழசு என்றார்கள். ஞானையா பாளையங்கோட்டையில் இருந்து பிரியாணி வரவழைத்தார், அதுவும் வந்தபடியே இருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை ஊர்கூடி உபவாச ஜெபம் வைத்தார்கள். ஆண்டவர் சாப்பிட வேண்டும் என்று ஊரே சாப்பிடாமல் கிடந்தது! அன்றைக்கும் அவர் வந்தார். கொலைப்பட்டினியாக வாசலில் உட்கார்ந்து பாடுகிற ஊருக்கு நடுவே, சோற்றைத் தொடாமல் அவரும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"கேக்கக் கூடாதத இவ கேட்டிருக்கா. அதுதான் அவியளுக்கு மனவருத்தம்" என்றார் ஞானையா.

"வருத்தம்னா வருவாவளா வே?" என்று பாய்ந்தாள் ரூத்தம்மாள். "கோவிச்சுக்கிட்டு, அதே வீட்டுல வந்து தினமும் உக்காந்துட்டுப் போற ஆள நீரு எங்க கண்டீரு?"

பொன்னேசம் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "சண்ட போடாதிய மயினி. எனக்குப் பதில் கிடைச்சாச்சு. இல்லன்னு வாயால சொல்ல அவியளுக்கு மனசு வரல. அதான் சாப்பிடாம சொல்லுதாவ" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை அழுதாள். வேதக்கண் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் காலையில் எழுந்தாள். இனி இலை போடுவதா வேண்டாமா என்று அடுப்பங்கரையில் நெடுநேரம் நின்றாள். பிறகு அரிசி களைந்து உலையில் போட்டாள். சோறாக்கி, இலை போட்டு, பாய் அமுங்கினதும் எதிரே உட்கார்ந்தாள். "இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம். என்னைய வெறுக்காம வந்து உக்காருததுக்கு ஸ்தோத்திரம். அந்த மனுசன எனக்குப் புருசனாக் குடுத்தியளே, அதுக்கு ஸ்தோத்திரம், அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது" என்றாள். வழக்கமான நீளத்தில் கால்வாசி இல்லை. ஆனால் அதைத் தினமும் சொன்னாள், தினமும் சுடச்சுடப் பரிமாறினாள். ஆறின சோற்றைப் பிறகு தான் சாப்பிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் நாகர்கோவிலில் இருந்து அவளுடைய அண்ணன் ஏசுவடியான், தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வாடகைக் காரில் வந்து இறங்கினார். நேரம் சாப்பாட்டு நேரம். உள் அறையில் விருந்தாளிக்கு இலை போட்டுப் பாயும் அமுங்கியாயிற்று, அங்கே வழக்கம்போலத் தொடாத சோறு. பொன்னேசம் முன்னறையில் அண்ணனுக்கு ஒரு இலை போட்டு, சோறு வைத்து, கோழிக் குழம்பை ஊற்றினாள். அண்ணன் சோற்றைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, கறி பிடிக்கலியா?"

"கறி நல்லாத்தான் மணக்கு."

"பின்ன என்ன, கோவமா? அடக்கத்துக்குப் பெறவு நான் ஒரு எட்டு வந்து பாக்கலன்னா?"

"கோவம் என்னட்டி கோவம்! டிரைவர் தம்பி வெளிய கார்லல்லா உக்காந்திருக்கான். நீ அவனக் கவனிக்கல. கூட வந்தவனுக்கு இலை போடாம நான் எப்பிடிட்டி கை நனைப்பேன்?"

பொன்னேசம் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். உள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். தொடாத சோற்றுக்கு முன்னால், கோபமில்லாமல், அவசரமில்லாமல், தினமும் வந்து, தினமும் காத்திருந்துவிட்டுப் போகிற விருந்தாளி!

"ஐயோ என் ஆண்டவரே!" என்று கத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. இரண்டு இலையை அறுத்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணு போதுமேட்டி" என்றார் அண்ணன்.  டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, மற்ற இலையோடு உள்ளே போனாள். விருந்தாளிக்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள். இலை போட்டாள், தண்ணீர் வைத்தாள், உப்பு வைத்தாள், சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

இரண்டாவது பாய் அமுங்கியது.

முதல் இலையில் சோறு ஓரத்திலிருந்து குறையத் தொடங்கியது. இரண்டாவது இலையிலோ, குழம்பு பட்ட சோறெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. வெள்ளைச் சோற்றின் நடுவே ஒரு குழி விழுந்தது, குழி அப்படியே காத்திருந்தது. பொன்னேசம் வாயைப் பொத்திக்கொண்டாள். உலகத்தில் எல்லாரும் குழம்பில் தொடங்கி மோரில் முடிப்பார்கள். மோரில் தொடங்கிக் குழம்பில் முடிக்கிற ஒரே ஒருத்தனைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், கல்யாணமான நாளிலிருந்து அதற்காக அவனோடு சண்டையும் போட்டிருக்கிறாள்.

"ஏங்க!" என்றாள். அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. "அங்க போயுமா இந்தக் கோணப் பழக்கத்த விடல? அவிய பக்கத்துல உக்காந்துக்கிட்டு, வெக்கமா இல்ல உங்களுக்கு?" மோர்ச்சட்டியை எடுத்து வந்து குழி நிறைய ஊற்றினாள். மோர் இறங்கியது, சோறு கலந்தது, மளமளவென்று குறைந்தது, பசித்த மனுசன் சாப்பிடுகிறபடி.

"உள்ள யாருக்குட்டி பரிமாறுத?" என்று முன்னறையில் இருந்து அண்ணன் சத்தம் கொடுத்தார்.

"உங்க மச்சானுக்கு அண்ணே" என்றாள் பொன்னேசம். "நான் கேட்ட அன்னையில இருந்து ஆண்டவர் கூட்டிக்கிட்டு வந்துருக்காவ. நான்தான் கூறுகெட்டவ, இத்தன நாளா இலை போடல."

 முன்னறையில் ஏசுவடியான் மூக்கை உறிஞ்சினார், துண்டால் முகத்தைத் துடைத்தார், எதிரே உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்து, "சாப்பிடு தம்பி, எங்க மச்சான் வந்துருக்காவ" என்று சொல்லிவிட்டுத் தன் இலையில் கையை வைத்தார்.